காணாமற்போன இனிப்பு

ஜனார்த்தன் சப்பாத்தைக் கழற்ற மறந்து, ஈரத்தோடு விறாந்தைக் கம்பளத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். நல்ல பிள்ளை, வீட்டு ஒழுங்கு தெரிந்தவன். வந்திருப்பது சின்னப் பிரச்சினை இல்லை என்று றெமிஜியசுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அன்ரி, இன்சூரன்ஸ் கொம்பனியிலை இருக்கேக்கை நீங்கள் வெடி விபத்தெல்லாம் விசாரிச்சனீங்கள் தானே? எனக்கு ஒரு ரிப்போர்ட் எழுதித் தாங்கோ. நாளைக்கு லெஸ்லியைப் பொலிசிலை குடுக்கப் போறன்."

றெமிஜியசின் மனைவி வேரோனிக்கா தேநீரை அவன் முன் வைத்தாள். "ஆளை நீயே பிடிச்சிட்டாய். பிறகு என்னட்டை என்னத்துக்கு வந்தனீ?"

அவனுடைய மனைவி நிரூபா, போன கிழமை உடுப்புத் தோய்க்க பேஸ்மென்டுக்கு இறங்கியவள், ஆஸ்பத்திரியில் கண் விழித்தாள். அவன் காய்ச்சி அடைத்து வைத்திருந்த பியர் போத்தல்களில் ஒன்று அவள் குனிந்த நேரம் வெடித்து, ஒரு கண்ணாடித் துண்டு வலது கண்ணில் பாய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்வை திரும்புமா என்று வைத்தியர்கள் இன்னும் சொல்லவில்லை.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த லெஸ்லி என்ற மன்னார்ப் பெடியன்தான் காயத்தைக் கட்டி அம்புலன்சை அழைத்தவன். அன்றிரவே ஜனார்த்தன் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டான்.

"ஏன் அவனிலை சந்தேகம்?" என்று றெமிஜியஸ் முன்னால் நகர்ந்து கேட்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். மனைவியின் பழைய தொழிலில் அவளைவிட அவருக்குத்தான் ஆர்வம் அதிகம்.

"முந்தியே அவனை ரெண்டு மாதத்திலை வீட்டை விட்டு எழும்பச் சொல்லியிருந்தனான், அங்கிள். 'உங்கட பியரை நீங்களே கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுங்கோ'ண்டு கத்தினவன். அவன்ரை குப்பைக்குள்ளை வெறும் சீனிப் பை கிடந்தது. போத்தலுக்குள்ளை சீனி கூடினால் வெடிக்கும். அது அவனுக்கும் தெரியும்."

"முதலிலையிருந்து சொல்லு," என்றாள் வேரோனிக்கா. "நீ காய்ச்சினது என்ன?"

அந்த நிலையிலும் அவன் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. அது ஐ.பி.ஏ. ஹொப்ஸ் என்ற பூவின் கசப்பும் வாசமும் முன்னுக்கு நிற்கும், இனிப்பு நாக்கில் தங்காத பியர். முளைத்த பார்லியின் சாற்றை ஹொப்சோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் போட்டிருக்கிறான். அது நொதித்து அடங்கியதும் பாதியை வேறொரு வாளிக்கு மாற்றி, வாசத்துக்காக அந்தப் பாதிக்குள் மட்டும் இன்னொரு தரம், கொதிக்கவைக்காமல், நிறைய ஹொப்ஸ் கொட்டியிருக்கிறான். நிரூபாவுக்கு அந்த வாசம் பிடிக்காது. மற்றப் பாதி அவளுக்கு.

"அடைக்கிற அண்டைக்கு எல்லாப் போத்தலையும் மேசையிலை அடுக்கி, நுரை வாறதுக்கு அளவாச் சீனி போட்டன். பிறகு சாப்பிட மேலை போனன். லெஸ்லி கீழை தனிய. வந்து ரெண்டு பியரையும் ஊத்தி மூடினன். ஹொப்ஸ் கூடினதுக்குச் சிவப்பு மூடி, நிரூபாவின்ரைக்கு வெள்ளை."

"வெடிச்சது எத்தினை?"

"அண்டைக்கு ஒண்டு. பிறகு இன்னும் சிலது. மிச்சத்தைக் கெதியா ஃபிரிஜ்ஜுக்குள்ளை வைச்சிட்டன்."

"குடிச்சுப் பாத்தனீயோ?"

அவன் தலை குனிந்தான். "ஒண்டு திறந்தன், சீனி தெரியுதோண்டு பாக்க. இல்லை அன்ரி. அடைக்கேக்கை மெல்லிசா ஒரு இனிப்பு இருந்தது, இப்ப அதுவுமில்லை. நான் இவ்வளவு நாளும் ஆசைப்பட்ட ட்ரை ஐ.பி.ஏ. அதுதான்."

"போட்ட சீனியை ஈஸ்ட் திண்டிருக்கும்!" என்றார் றெமிஜியஸ்.

"ஓம்," என்றாள் வேரோனிக்கா. "போட்ட சீனி போயிருக்கும். முந்தியே இருந்த இனிப்பு எங்கை போனது?"

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்துக்குப் பதிலாக மூவரும் மில்லிக்கன் பகுதியில் ஜனார்த்தன் வீட்டின் பேஸ்மென்டில் நின்றார்கள். வேரோனிக்கா அழைத்ததால் பார்க்டேலில் நண்பன் வீட்டில் ஒதுங்கியிருந்த லெஸ்லியும் வந்திருந்தான். கதவருகிலேயே நின்றான். அவனுடைய அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. பொலிஸ் வழக்கு ஒன்று விழுந்தால் அவன் இங்கே இருப்பதே கேள்விக்குறி.

"சீனிப் பை என்னெண்டு வெறுமையானது, தம்பி?" என்று றெமிஜியஸ் கேட்டார்.

"தேத்தண்ணிக்கு, அங்கிள். இரவு வேலை. சீனி இல்லாட்டி நித்திரை வந்திடும்."

வேரோனிக்கா மூலையில் கூட்டி வைத்திருந்த உடைசல்களைக் கிளறினாள். போத்தல் கழுத்துகளில் மூடிகள் அப்படியே இருந்தன.

"எல்லாம் சிவப்பு," என்றார் றெமிஜியஸ். "வெள்ளை ஒண்டுகூட இல்லை."

"அதுதான். ஜனார்த்தன், நீ மேலை போகேக்கை போத்தல்கள் வெறுமையாய் நிண்டது. எதுக்குள்ளை எந்தப் பியர் போகுமெண்டு உனக்காவது தெரியுமோ?"

"இல்லை. கைக்கு வந்ததை எடுத்துத்தான் ஊத்தினன்."

"அப்ப லெஸ்லிக்கு எப்பிடித் தெரியும்? அவன் சீனி போட்டிருந்தால் வெள்ளை மூடியும் வெடிச்சிருக்கவேணும்."

ஜனார்த்தனின் முகம் மாறியது, ஆனாலும் விடவில்லை. "தற்செயலா இருக்கலாம் தானே, அன்ரி?"

"இருக்கலாம். அதுக்குத்தான் நீ பியரிலை இனிப்பு அளக்கிற மிதவையை எடுத்துவைக்கச் சொன்னனான்."

குளிரில் நின்ற போத்தல்களில் சிவப்பொன்றும் வெள்ளையொன்றும் திறக்கப்பட்டன. திறந்தவர் றெமிஜியஸ். ஸ்கீ கண்ணாடியும் தடித்த கையுறையுமாக நின்ற அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இரண்டையும் குவளைக்குக் குவளை மாற்றி ஊற்றி நுரையைப் போக்கினார்கள். பிறகு கண்ணாடி மிதவையை இறக்கினார்கள். இனிப்புக் கரைந்த நீர் கனமானது. மிதவை அதில் உயர்ந்து நிற்கும். ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்ன நீர் இலேசாகி, மிதவை தாழும்.

வெள்ளையில் அது, பியரை இரண்டாகப் பிரிக்கும் முன் ஜனார்த்தன் அளந்து குறித்துவைத்திருந்த கோட்டிலேயே நின்றது. சிவப்பில் நன்றாகக் கீழே அமிழ்ந்தது.

"ஆராவது மேலதிகமாச் சீனி போட்டிருந்தால்," என்றாள் வேரோனிக்கா, "ஈஸ்ட் அதைத் திண்டு காற்றாக்கியிருக்கும். போத்தல் வெடிச்சிருக்கும். ஆனால் மிதவை கிட்டத்தட்டப் பழைய கோட்டுக்குத்தான் வந்திருக்கும். இது அதைத் தாண்டி இறங்கியிருக்கு. வெளியிலையிருந்து ஒண்டும் வரேல்லை. உள்ளுக்கை இருந்த ஒண்டு கரைஞ்சு போயிருக்கு."

"ஈஸ்டாலை திங்க ஏலாத மிச்சம் அது," என்றான் ஜனார்த்தன் மெதுவாக. "பார்லியின்ரை மாப்பொருளிலை வாற பெரிய துண்டுகள். அதைத் திங்கத் தெரியாதபடியால்தான் ஈஸ்ட் அடங்கினது."

"ஆரோ வெட்டிக் குடுத்தால்?"

அவள் றெமிஜியஸ் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, ஆட்டிறைச்சிக்கு என்னத்துக்குப் பப்பாசிக்காய் பூசுறனீங்கள்?"

"இறைச்சி மெத்தெண்டு வாறதுக்கு."

"அவிச்ச பப்பாசிக்காயைப் பூசினால்?"

"பிரயோசனமில்லை. பச்சையாய்ப் பூசவேணும்."

"காயிலை இருக்கிற நொதியம் இறைச்சியின்ரை நாரை வெட்டுது. அவிச்சால் நொதியம் செத்துப்போகும். ஹொப்ஸ் பூவிலையும் அப்பிடி ஒண்டு இருக்கு, அது மாப்பொருளின்ரை பெரிய துண்டுகளை வெட்டும். முதல் போட்ட ஹொப்ஸ் கொதிச்சது. ரெண்டாந்தரம் போட்டது பச்சை. அது வெட்டிக் குடுக்க, அடங்கின ஈஸ்ட் திரும்ப எழும்பித் திண்டது. மூடின போத்தலுக்குள்ளை." அவள் நிறுத்தினாள். "ரெண்டாம் ஹொப்ஸ் போட்ட பிறகு மிதவையைப் போட்டுப் பாத்தனீயோ?"

"முடிஞ்ச பியர் தானே எண்டு..." அவன் தோய்க்கிற மெஷினில் கையூன்றி நின்றான். "நான்தான். என்ரை நிரூவின்ரை கண்ணை நான்தான்..."

"நீ வேணுமெண்டு செய்யேல்லை. ஒருத்தரும் வேணுமெண்டு செய்யேல்லை. ஆனால் ஒருத்தன்ரை வாழ்க்கையை நீ வேணுமெண்டு அழிக்கப் பாத்தாய். அது நிக்கவேணும்."

"நான் பொலிசுக்குப் போகமாட்டன், அன்ரி." அவன் கதவுப் பக்கம் திரும்பினான். "லெஸ்லி, நான்..."

"நீங்கள் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், அண்ணை," என்றான் லெஸ்லி. குரலில் கோபமில்லை, அது கேட்பதற்குக் கோபத்தைவிடக் கடினமாக இருந்தது. "நான் இஞ்சை திரும்பி இருக்க வரேல்லை. அக்காவுக்கு எப்பிடியெண்டு இண்டுவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. ஒருக்காப் பாக்கலாமோ?"

ஜனார்த்தன் படிக்கு வழிவிட்டு விலகினான்.

மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ, நிரூபாவின் குரல் வந்தது. "ஆர், லெஸ்லியோ? ஏன் கீழை நிக்கிறாய்? மேலை வா."

அவன் ஏறிப்போனான். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு தாழ்ந்த பேச்சு. ஜனார்த்தன் படிகளின் அடியிலேயே நின்றான். போகலாம் என்று றெமிஜியஸ் அவன் தோளில் கை வைக்கப்போக, வேரோனிக்கா அவரைத் தடுத்தாள்.

"நான் போய் நிரூபாவுக்கு உண்மையைச் சொல்லுவன் எண்டு நினைக்கிறாய்," என்றாள் அவனிடம். "மாட்டன். இது உன்ரை வாயாலைதான் வரவேணும்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினான். மேலே பேச்சு நின்றது.