தூங்குகிறவர்களை எழுப்பாதவள்

அந்த வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு நீலக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

அதைப் பார்த்ததும், விளையாட்டில் பூனை என்று பேரெடுத்தவள் கீபோர்டு விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். திரையில் குனிந்து நடந்துகொண்டிருந்த அவளுடைய ஆளும் சமையலறை வாசலிலேயே நின்றான். கறுப்பு முகமூடி, கறுப்புக் கையுறை, முதுகில் காலிப் பை. இந்த விளையாட்டில் அவள் நாலாயிரம் வீடுகளுக்கு மேல் புகுந்து திருடியிருக்கிறாள். மாளிகையும் பார்த்தாயிற்று, கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையும் பார்த்தாயிற்று. எந்த வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் ஒரே ஃப்ரிட்ஜை எல்லா வீட்டிலும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

அவளுடைய வீட்டு ஃப்ரிட்ஜின் கதவும் மூடாது. அதையும் நீலக் கயிற்றால்தான் அம்மா கட்டி வைத்திருந்தாள்.

"கயிறுன்னா நம்ம வீட்ல மட்டும்தான் இருக்கணுமா?" என்று முணுமுணுத்துவிட்டுப் பூனை மேலே நடந்தாள்.

வேலை இதுதான். விளையாட்டுக்குள் பணம் வேண்டும், ஆனால் உட்கார்ந்து திருடப் பொறுமை கிடையாது என்கிற பெரிய மனிதர்கள் தங்கள் அக்கவுன்ட்டை அவளிடம் ஒப்படைப்பார்கள். அவள் உள்ளே போய் அவர்கள் பேரில் திருடிச் சேர்ப்பாள். கடைக் கல்லாவை மிரட்டிப் பிடுங்கினால் சில்லறைதான் தேறும். வங்கிக்கு நாலு பேர் கூட்டு வேண்டும், நாலு பேரில் ஒருவன் கடைசியில் காலை வாருவான். தனியாளுக்குக் கட்டுப்படியாவது வீடு புகுவதுதான். அதற்கு விளையாட்டில் இரவாக இருக்க வேண்டும், அந்த இரவு நம் கடிகாரத்துக்கு நாற்பது நிமிடம், பகல் ஐந்தே நிமிடம். அதற்குள் பொருளை வேனில் ஏற்றிக் கிடங்கில் சேர்க்க வேண்டும். விடிந்துவிட்டால் வேனில் இருப்பது அழிந்துபோகும்.

திரையின் மூலையில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். சத்தம் கூடக்கூட அது சிவக்கும். முழுதாகச் சிவந்தால் வீட்டில் தூங்குகிறவர் எழுந்து போலீசைக் கூப்பிடுவார். அதனால் மற்றவர்கள் உள்ளே போனதுமே தூங்குகிறவர் தலையில் மட்டையால் ஒரு போடு போட்டுவிடுவார்கள். பூனை ஒருநாளும் அடித்ததில்லை, ஒருவரையும் எழுப்பியதும் இல்லை. அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. தூங்குகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே முகம், யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை என்று செய்துவைத்த வழவழப்பான முகம். ஒரே சத்தம்: மூன்று மூச்சு, ஓர் இருமல். திரும்பவும் மூன்று மூச்சு, ஓர் இருமல்.

வெளியே நல்ல வெயில். அறையின் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தாள். பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக இரவு நர்ஸ். பகல் சாப்பாட்டை முடித்துப் படுத்தால் ஐந்து மணி அலாரத்துக்குத்தான் எழுவாள். அப்பா இல்லாத வீட்டில் இந்தப் பதினெட்டு வருடத் தூக்கத்தைக் காவல் காத்துத்தான் பூனை வளர்ந்தாள். பாத்திரம் உருளாமல் கழுவவும், கதவைத் தூக்கிச் சாத்தவும் அவளுக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

இன்றைக்கும் சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள்.

"ஏண்டி, யாராவது கேட்டா என்ன சொல்றது? என் பொண்ணு வீடு புகுந்து திருடுறான்னா?"

"சொல்லும்மா. நல்லாத் திருடுறான்னும் சேத்துச் சொல்லு."

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

"அடுத்த மாசத்தோட நீ வேலைய விடற. அவ்வளவுதான். பேச்சு முடிஞ்சது."

"பாப்போம், பாப்போம்" என்றாள் அம்மா. ஆனால் ராஜினாமாக் கடிதம் எழுதி அலமாரியில் வைத்தாயிற்று. அதற்காகப் பூனை ஆறு மாதம் சண்டை போட்டிருக்கிறாள். அம்மாவின் வீங்கிய கால்கள் இனி இரவில் நீட்டிப் படுத்தால் போதும், பூனைக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

அதனால்தான் இந்தப் புது வாடிக்கையாளரை ஒப்புக்கொண்டாள். மரியாதையாகப் பேசுகிறவர். ஒரே ஒரு வீடு, மூன்று மடங்குக் கூலி.

சமையலறையில் ஒரு பொருளின் ஓரம் மஞ்சளாக மின்னியது. எடுத்தாள். கூடத்தில் சுவர்மேல் ஒன்று மின்னியது. அதையும் எடுத்தாள். எதை எடுக்கிறோம் என்று பார்க்கிற பழக்கம் நாலாயிரம் வீடுகளுக்கு முன்பே போய்விட்டது. மின்னினால் விசையை அழுத்த வேண்டியது, அவ்வளவே. படுக்கையறை இருட்டில் பெரிதாக ஒன்று மின்னியது. அழுத்தினாள். இரண்டு கைக்கும் அது கனத்தது, ஆள் தள்ளாடித் தள்ளாடி நடந்தான், வட்டம் இளஞ்சிவப்புக்குப் போய்ப் போய் மீண்டது. வேனில் இறக்கியதும் திரையில் விழுந்த தொகையைப் பார்த்துப் பூனைக்கே வாய் பிளந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் படுக்கையறையில் இருமல் கேட்கவில்லை. மூக்கு வழியாக வரும் மெல்லிய விசில் மாதிரி ஒன்றுதான் கேட்டது. தூக்கும்வரை கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

வீட்டில் ஏதோ குறைந்திருந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஃப்ரிட்ஜ் மேல் எப்போதும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும் ரேடியோ பேசவில்லை. கூடத்துக் கடிகாரத்தின் டிக் டிக் இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து, அவள் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிற, அம்மாவின் மூக்கு விசிலும் இல்லை. நின்றுபோன மின்விசிறி மாதிரி வீடு சும்மா இருந்தது. அவள் எழுந்து போனாள்.

ஃப்ரிட்ஜின் மேல் தூசி. தூசியின் நடுவே ரேடியோ அளவுக்குச் சுத்தமான ஒரு சதுரம்.

கூடத்துச் சுவரில் வெறும் ஆணி.

அம்மாவின் அறைக் கதவைப் பழக்கப்படி தூக்கித் திறந்தாள். தலையணையில் பள்ளம் இருந்தது. கட்டிலடியில் செருப்பு, ஜன்னல் திட்டில் மூக்குக் கண்ணாடி, மாட்டியில் இஸ்திரி போட்ட வெள்ளை யூனிஃபார்ம். வலி எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது.

"அம்மா?"

அவள் அறையிலிருந்து, மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து, சன்னமாக ஒரு விசில் வந்தது.

ஓடினாள். திரையில் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டிருந்தன. பத்து நிமிடம் எந்த விசையையும் தொடாவிட்டால் விளையாட்டு ஆளை வெளியே தள்ளிவிடும். ஏழு வினாடி, ஆறு. விசையைக் குத்தினாள். எண் மறைந்தது. கீழே வாடிக்கையாளரின் செய்தி காத்திருந்தது.

"அருமையா எடுத்தீங்க. நீங்க வெளிய வந்துடுங்க. வேனை நானே ஓட்டிக்கறேன்."

ஓர் அக்கவுன்ட்டுக்குள் ஒருவர் இருக்கும்வரை இன்னொருவர் நுழைய முடியாது. அவள் உட்கார்ந்திருக்கும்வரை அவர் வர முடியாது. அந்த ஒரு சட்டம்தான் இப்போது அவளுக்கும் அவருக்கும் நடுவே இருந்தது.

பதில் தட்டினாள். "முடியாது. திருப்பி வைக்கப் போறேன்."

"எடுத்ததத் திருப்பி வைக்கிறது பழக்கமில்லையே உங்களுக்கு."

"எடுக்கத் தெரிஞ்ச கைக்கு வைக்கவும் தெரியும். உன் காசை நீயே வெச்சுக்க."

பயந்தாள். பயத்துக்கு மேலே கோபம் வந்தது. யார் வீட்டில் யார் கை வைப்பது? பதினெட்டு வருடமாக ஒரு ஸ்பூன்கூடக் கீழே விழாமல் காத்த தூக்கம் அது.

வேனின் பின்கதவைத் திறந்தாள். ரேடியோ கிடந்தது, கடிகாரம் கிடந்தது. அவற்றுக்கு அந்தப் பக்கம், போர்வை சுற்றிய நீளமான ஒன்று. விசிலடித்தது. தூக்கினாள். வானம் ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

விடிய இன்னும் நான்கு நிமிடம்.

தெரு. படி. கதவு. நல்லவேளை, கையில் கனம் இருக்கும்போது திறக்க முடியாதென்று திறந்தே போட்டு வந்திருந்தாள். கூடம். வட்டம் இளஞ்சிவப்பு. சிவக்கட்டும். எழுந்தால் எழட்டும். வாழ்க்கையில் முதல்முறையாக யாராவது எழவேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

கூடத்தில் இன்னொரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீல வெளிச்சம். ஒரு மேசை. ஹெட்போன் மாட்டிய ஒருத்தியின் முதுகு. அதன் ஓரம் மஞ்சளாக மின்னியது.

"அதையும் எடுத்தா இன்னும் மூணு மடங்கு" என்று செய்தி வந்தது.

"போடா" என்றாள், வாய்விட்டு. அந்த முதுகும் அசைந்தது. அவள் பார்க்கவில்லை. கடந்து போனாள்.

படுக்கையறை. கட்டில். இறக்கினாள்.

சுவருக்கு அப்பால் நிஜக் கட்டில் முனகியது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நரைத்த பின்னல், கழுத்தில் வேர்வை, மூக்கில் அந்த விசில். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் வீங்கிய கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சிரித்தாள். எழுப்பவில்லை. எப்படி எழுப்புவாள்? பாவம், ராத்திரி பூரா நின்ற கால். அலாரம் அடிக்கட்டும், எழுந்ததும் சொல்வோம், ராஜினாமாவை இன்றைக்கே கொடுக்கச் சொல்வோம் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்த விசிலைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள். அதைப்போல நிம்மதியான சத்தம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. சுவரில்தான் கடிகாரம் இல்லையே.

விசில் நின்றது.

மூச்சு. மூச்சு. மூச்சு.

ஓர் இருமல்.

அம்மா இருமுகிறவள் இல்லை. பூனை கண்ணைத் திறந்தாள். மடியில் இருந்த கால்களில் வீக்கம் இல்லை. நரம்பும் இல்லை.

பத்து நிமிடம். விசையைத் தொட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், விளையாட்டில் மறுபடி இரவாகியிருக்கும்.

தலைமாட்டில் அலாரம் அலறியது. படுத்திருந்தது அசையவில்லை. பூனை தோளைப் பிடித்துத் திருப்பினாள். நாலாயிரம் வீடுகளில் பார்த்த முகம். வழவழப்பான முகம். மூடிய இமைகளுக்கு நடுவே கோடுகூட இல்லை.

அவள் அறைக்கு ஓடியபோது திரை கறுத்திருந்தது. உள்ளே ஆள் இருக்கிறார், நீங்கள் நுழைய முடியாது என்று ஒரு வரி மட்டும் வெள்ளையாக நின்றது. அதன் கீழே செய்தி.

"படுக்கையக் காலியா விட மனசு வரல. ஒண்ணு வெச்சிருக்கேன், பாத்துக்குங்க."

ஹெட்போனில் ஒரு வேன் கிளம்பியது. என்ஜின் சத்தத்துக்கு உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல். "அடியே, யாரு விளக்க அணைச்சது? என் கண்ணாடி எங்கடி?"

"அம்மா! நான் வரேன்மா! எறங்கிடாத, நான் வரேன்!"

குரல் தூரமாகிக்கொண்டே போனது. பூனை ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுதாக ஏற்றி, நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு நுழைவு விசையை அழுத்தினாள். முடியாது என்றது. அழுத்தினாள். முடியாது என்றது. அவனும் ஒருநாள் விசையிலிருந்து கையை எடுப்பான். ஒரு பத்து நிமிடம் போதும் அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து அறையில் அலாரம் தானாக நின்றது. கட்டில் முனகியது. கூடத்துத் தரையில் வெறுங்கால் ஒன்று பட்டது, பிறகு இன்னொன்று.

மூன்று மூச்சு. ஓர் இருமல்.

அவள் திரும்பவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.