ஆடி பதினேழு, காலை ஒன்பது நாற்பது

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பூவிழி மாடிப்படி ஏறி வந்தபோது, அஸார் ஒரு பழைய கார்புரேட்டரை மேசை மேல் பிரித்துப் போட்டிருந்தார். தஞ்சாவூரில் டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் பாதி எழில்மொழியின் அலுவலகம். மீதி அஸாரின் உதிரிபாகக் கிடங்கு. விபத்தான வண்டிகளை ஆராய்ந்து, நடந்தது என்ன என்று எழுதிக் கொடுப்பது எழில்மொழியின் தொழில். இருபது வருடம் மெக்கானிக்காக இருந்த அஸார் அவருக்கு வண்டிகளைப் படித்துச் சொல்வார். கேட்டால் ஒரு சேதி சொல்வார். கேட்காவிட்டால் நாலு சேதி சொல்வார்.

"ஒரத்தநாட்டுப் பக்கம் இன்சூரன்ஸ் ஏஜென்டா இருக்கேன் மேடம்" என்றாள் பூவிழி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. "வியாழக்கிழமை கம்பெனியிலேர்ந்து விசாரிக்க வர்றாங்க. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்."

"எந்த உண்மை?"

"நான் கையெழுத்து போட்டப்ப அந்தக் கார் நல்லா இருந்துச்சா, இல்லையான்னு."

அவள் சொன்னது இது. அவள் ஊரில் ராஜராஜன் என்ற நிலக்காரர். அவருடைய காரின் பாலிசி ஜூலை இருபத்தெட்டு நள்ளிரவோடு முடிந்தது. அதற்கு முன் மூன்று முறை வாட்ஸப்பில் செய்தி அனுப்பினாள். இரண்டு முறை போன் செய்தாள். "ஆடியில எதையும் புதுசா ஆரம்பிக்கிறதில்ல. ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பிறகு சனிக்கிழமை, ஆடி பதினேழு அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு அவரே கூப்பிட்டார். உடனே பாலிசி போடு என்றார்.

"முடிஞ்சுபோன பாலிசியைப் புதுப்பிக்கணும்னா வண்டியை நேர்ல பாக்கணும் இல்லையா?" என்றார் எழில்மொழி.

"ஆமாம் மேடம். நான் வந்து பாக்கட்டுமாங்கய்யான்னு கேட்டேன். 'மோட்டார் கொட்டகைகிட்ட நிக்குது, இப்பத்தான் படம் எடுத்தேன், அனுப்புறேன். என் வார்த்தையில நம்பிக்கையில்லையா உனக்கு?'ன்னார். எங்க அப்பா, தாத்தா எல்லாம் அவங்க வயல்ல வேலை பாத்தவங்க. இன்னிக்கும் அவர் வீட்டு வாசல்ல எங்கப்பா செருப்போட நிக்க மாட்டார். அந்தக் குரல்ல கேட்டதும் எனக்கு மறுத்துப் பேச வாய் வரல." தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "நேரில் பார்த்தேன்னு படிவத்துல எழுதிட்டேன். பதினொண்ணே காலுக்கு பாலிசி வந்துருச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி கொட்டகைகிட்ட வாய்க்கால்ல விழுந்துருச்சுன்னு அவர் கிளெய்ம் போட்டுட்டார்."

அஸாருக்குச் சிரிப்பு வந்தது. "அஞ்சு நாள் சும்மா இருந்த வண்டி, பாலிசி போட்ட அஞ்சாவது மணிநேரம் குளிக்கப் போயிருக்கு!"

"அப்படியும் நடக்கும், அஸார் பாய்" என்றார் எழில்மொழி. "அதனாலதான் போய்ப் பாக்கணும். படங்களைக் காட்டும்மா."

நான்கு பக்கமும் எடுத்த நான்கு படங்கள். வெள்ளைக் கார், கீறல் இல்லை. பின்னால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை. அதற்கு அப்பால் பரம்படித்துச் சமன்படுத்திய சேற்று வயல், வானத்தைக் காட்டிக்கொண்டு பளபளவென்று கிடந்தது. எழில்மொழி கடைசிப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார்.

*

மூவரும் போய்ச் சேர்ந்தபோது கார் ஒரத்தநாட்டில் ஒரு பட்டறையில் நின்றது. முன் பம்பர் தூளாகிப் போயிருந்தது. கதவின் பாதி உயரம் வரை வண்டல் படிந்த கோடு. அஸார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானட்டுக்குள் இறங்கினார். அரைமணி நேரம் கழித்துத் தலையை நீட்டியபோது முகத்தில் தீபாவளி.

"மேடம், கேஸ் முடிஞ்சுது! ஏர் ஃபில்டர் பெட்டி முழுக்கச் சேறு. ஆனா பிளக்கைக் கழட்டிப் பாத்தா சிலிண்டருக்குள்ள சொட்டுத் தண்ணி இல்ல. ஓடுற இன்ஜின் தண்ணிக்குள்ள விழுந்தா கடகடன்னு உறிஞ்சிக்கும், உள்ள ராடு வளைஞ்சிடும். இங்க எல்லாம் நேரா இருக்கு. அப்படின்னா என்ன? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, வேணும்னே பின்னாலேர்ந்து தள்ளிவிட்டிருக்காங்க!"

எழில்மொழி நொறுங்கிய பம்பரைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு ஆள் தள்ளுன வண்டிக்கு இவ்வளவு அடி படுமா? இது வேகமா வந்து கட்டாந்தரையில மோதுன அடி."

"அப்ப இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சுங்கறீங்க. ஓடியிருந்தா தண்ணி உள்ள போயிருக்கணுமே? ரெண்டும் சேராதே மேடம்."

"ஒரு வழியில சேரும்" என்றார் எழில்மொழி. "வாங்க, தண்ணிக்காரரைப் பாப்போம்."

வாய்க்காலின் தலைப்பு மதகு நான்கு கிலோமீட்டர் மேலே இருந்தது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் இனியவன், சைக்கிளைப் பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"இந்த வாய்க்காலா? கீழ தடுப்புச்சுவர் வேலை நடந்துச்சும்மா. பதினொரு நாள் பொட்டுத் தண்ணி விடல. பதினெட்டாம் பெருக்குக்காவது விடுங்கன்னு ஊர்ல எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. சனிக்கிழமை விடியக்காலை ஆறு மணிக்குத் தெறந்துவிட்டேன். ராஜராஜன் கொட்டகைகிட்ட போய்ச் சேர எட்டு எட்டரை ஆகியிருக்கும்."

"அப்பறம் மூடினீங்களா?"

"திங்கட்கிழமை வரைக்கும் இடுப்பளவு ஓடுச்சு. ஏம்மா, யாராச்சும் புகார் குடுத்துருக்காங்களா?"

"உங்க மேல இல்லண்ணே. சாப்பிடுங்க" என்றார் எழில்மொழி.

வண்டியில் ஏறும்போது அஸார் வாய் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "மேடம், நான் ஒண்ணு சொல்லட்டா?"

"அவர் வீட்டுல சொல்லலாம் பாய்."

*

ராஜராஜன் வீட்டை அடைந்தபோது மணி மூன்றரை. கேட்டைத் திறந்தது அவர் மனைவி தங்கமணி. எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைத்து, ஹாலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பூவிழி மட்டும் வாசற்படியோரம் நின்றாள்.

"உள்ளதான் இருக்கார். ஆனா இப்ப வந்து பேச மாட்டார்" என்றார் தங்கமணி, கொஞ்சம் கூச்சத்தோடு. "செவ்வாய்க்கிழமை மூணுலேர்ந்து நாலரை ராகுகாலமாச்சே. எந்தப் பேச்சும் எடுக்க மாட்டார். எங்க கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கப் போயி, கடை வாசல்லயே ஒன்றரை மணி நேரம் நின்னவர். ஒரு காபி குடிங்க, நேரம் ஓடிடும்."

"அதுக்குள்ள வயலைப் பாத்துட்டு வந்துடறோம்" என்றார் எழில்மொழி.

மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சொந்த நிலத்துக்குள் போகும் வண்டிப்பாதை. வேறு யாரும் அந்தப் பக்கம் வர வேலையில்லை. கொட்டகையைச் சுற்றிலும் குறுவைப் பயிர் இடுப்புயரம் நின்றது, பொதி கட்டி, கதிர் வெளிவரத் தயாராக. அஸார் ஒரு தட்டையைப் பிரித்து உள்ளே இருந்த இளங்கதிரை ருசி பார்த்தார். எழில்மொழி பயிரைப் பார்த்தார், பிறகு பூவிழியைப் பார்த்தார். பூவிழி தன் போனை எடுத்து, அந்தப் படத்தை எதிரே இருந்த வயலோடு ஒப்பிட்டாள்.

சரியாக நாலரை மணி தாண்டி மூன்று நிமிடத்தில் ராஜராஜன் ஹாலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நிதானமான நடை. "சொல்லுங்க. கம்பெனி அனுப்பிச்சுதா?"

"இல்ல சார். பூவிழிதான் கூப்பிட்டாங்க" என்றார் எழில்மொழி. "நாலு மணிக்கு வாய்க்கால்ல விழுந்ததா எழுதியிருக்கீங்க. அப்ப அதுல இடுப்பளவு தண்ணி."

"ஆமாம். கன்னுக்குட்டி குறுக்க வந்துச்சு."

"வந்திருக்கும். ஆனா தண்ணியில விழலை நீங்க. பாய், இப்பச் சொல்லுங்க."

அஸார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வண்டி காஞ்ச வாய்க்கால்ல விழுந்திருக்கு சார். அதான் பம்பர் தூளாயிருக்கு. இன்ஜின் அங்கயே நின்னுபோச்சு. தண்ணி பொறகு வந்து சுத்தி ஏறியிருக்கு. அதனாலதான் பெட்டியில சேறு இருக்கு, சிலிண்டர் காஞ்சு கெடக்கு."

"அந்த வாய்க்கால் கடைசியா காஞ்சு கெடந்தது வெள்ளிக்கிழமை" என்றார் எழில்மொழி. "சனிக்கிழமை எட்டரைக்குத் தண்ணி வந்துடுச்சு. நீங்க அனுப்புன படத்துல கொட்டகைக்குப் பின்னால வெறும் சேறு. நடவுக்கு முந்தி, ஜூன் மாசம் எடுத்த படம். அன்னிக்குக் காலையில எடுத்திருந்தா கதிர் வர்ற பயிர் தெரிஞ்சிருக்கும்."

ராஜராஜன் அசையவில்லை. "படம் மாறிப் போயிருக்கும். போன்ல ஆயிரம் படம் கெடக்கு."

"இருக்கலாம். ஆனா எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது படத்தால இல்ல சார். நீங்க போன் பண்ணின நேரத்தால. இன்னிக்கு ராகுகாலம் முடியட்டும்னு எங்களை ஒரு மணி நேரம் காக்க வச்சீங்க. தப்பில்ல, உங்க வழக்கம். ஆடியில புதுசா எதுவும் வேண்டாம்னு பாலிசியையே தள்ளி வச்சவர் நீங்க. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதுலேர்ந்து பத்தரை. ஆடி மாசம், சனிக்கிழமை, ராகுகாலம் நடுவுல ஒன்பது நாற்பதுக்கு, உடனே பாலிசி போடுன்னு சொல்ற அளவுக்கு அன்னிக்கு என்ன அவசரம்?"

ராஜராஜன் வாசற்படியைப் பார்த்துத் திரும்பினார், குரல் உயரவில்லை. "சரி, நான் பொய் சொன்னேன்னே வச்சுக்கோங்க. நேர்ல பாத்தேன்னு கையெழுத்து போட்டது யாரு? நான் மாட்டினா இவளும் மாட்டுவா. யோசிச்சுப் பேசச் சொல்லுங்க."

அஸார் எழில்மொழியைப் பார்த்தார். இதற்கு ஏதாவது பதில் வைத்திருப்பார் என்று நினைத்தார். எழில்மொழி பூவிழியைப் பார்த்து, "அவர் சொல்றது சரிதான்மா" என்றார். "கூட்டு சேர்ந்து ஏமாத்தலைன்னு என்னால காட்ட முடியும். ஆனா நீ பாக்காம எழுதினது எழுதினதுதான். அதை வியாழக்கிழமை அவங்க கண்டுபிடிக்கலாம். இல்ல, இன்னிக்கு நீயே சொல்லலாம். லைசென்ஸ் நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாது."

பூவிழி வாசற்படியை விட்டு நகர்ந்தாள். ஹாலுக்குள் நடந்து வந்து, காலியாக இருந்த நாற்காலியில், ராஜராஜனுக்கு எதிரே உட்கார்ந்தாள். போனில் தட்ட ஆரம்பித்தாள்.

"படிச்சுக் காட்டுறேன்" என்றாள். "'ஆகஸ்ட் இரண்டாம் தேதி நான் வாகனத்தை நேரில் பார்க்கவில்லை. பார்த்ததாகப் படிவத்தில் எழுதியது என் தவறு. வாகனம் அதற்கு முன்பே சேதமடைந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. பாலிசியை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.'" யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் அனுப்பினாள். "போயிருச்சுங்கய்யா."

முதலில் பேசியது தங்கமணி. "வெள்ளிக்கிழமை வெளக்கேத்துற நேரத்துக்கு நடந்து வந்தீங்க. முழங்காலெல்லாம் செராய்ப்பு. கேட்டதுக்குக் கொட்டகையில வழுக்கிட்டேன்னீங்க. அந்தப் புள்ள எழுதிட்டா. நீங்க எழுத மாட்டீங்களா?"

ராஜராஜன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காலையில டிராக்டர் கட்டி இழுத்துக்கலாம்னு விட்டுட்டு வந்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "போனா தண்ணி நிக்குது. அப்பதான் இவ அனுப்புன மெசேஜைத் தெறந்து பாத்தேன். லைஃப் பாலிசிக்கு ஒரு மாசம் கூடத் தவணை தர்றாங்களே, வண்டிக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"வண்டிக்கு அப்படிக் கிடையாது சார். பன்னெண்டு மணி அடிச்சா முடிஞ்சுது" என்றார் எழில்மொழி. "தேதிக்கு முந்தி போட்டிருந்தா வண்டியைக் காட்டவே வேண்டியதில்ல. முடிஞ்ச பிறகும் ஒண்ணும் குடி முழுகிடலை. ரோட்டுல எடுக்காம நிறுத்தி வச்சு, ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தா அன்னிக்கே புதுசு போட்டிருக்கலாம். தொண்ணூறு நாளுக்குள்ள போட்டா, கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குத் தர்ற சலுகைகூடப் போகாது. வயல் பாதையில கன்னுக்குட்டிக்குப் பதிலா ஒரு மனுஷன் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க."

தங்கமணி பேனாவும் காகிதமும் கொண்டுவந்து வைத்தார். கிளெய்மைத் திரும்பப் பெறுவதாக ராஜராஜன் எழுதினார். ஒரு தடவை நிறுத்தி, "தேதி என்ன?" என்று கேட்டார். பூவிழி சொன்னாள்.

*

கம்பெனி பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் அனுப்பியது. ராஜராஜனுடைய கடிதத்தை ஏற்றுக்கொண்டு பாலிசியை ரத்து செய்தார்கள். பூவிழி தானாக முன்வந்து சொன்னதால் லைசென்ஸைப் பறிக்கவில்லை. மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். செய்தியைச் சொல்ல அவள் அலுவலகத்துக்கு வந்தபோது எழில்மொழி நன்னிலத்தில் ஒரு லாரியைப் பார்க்கப் போயிருந்தார். அஸார் மட்டும் இருந்தார்.

"மூணு மாசம் வருமானத்துக்கு என்ன பண்ணுவ?" என்றார்.

"டைப்பிங் வேலை சொல்லியிருக்காங்கண்ணே. மிச்ச நேரத்துல, பாலிசி முடியப் போறவங்க எல்லார் வீட்டுக்கும் நேர்ல போயி தேதியைச் சொல்லப் போறேன். என்கிட்ட போட முடியாது, வேற யார்கிட்டயாவது போடட்டும். மெசேஜை எவனும் தெறக்க மாட்டேங்குறான்."

"முதல்ல எந்த வீடு?"

பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீடுதான். அப்பாவோட மொபெட்டுக்கு ரெண்டு வருஷமா இன்சூரன்ஸே இல்லண்ணே. நேத்துதான் எடுத்துப் பாத்தேன்."