ஐந்தெழுத்து இடம்

பனி கொட்டிக்கொண்டிருந்த ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், வெர்னா டாலிவர் தன் தங்கை லோயிஸின் காரிலிருந்து இறங்கினாள். அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் எல்லையில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக நின்ற செங்கல் கட்டடம் அது. ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்ததாம். இப்போது உளவுத் துறையின் பழைய காகிதங்களைப் பொதுமக்கள் வந்து படித்துப் பார்க்கும் இடம்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வண்டியைத் திருப்பட்டுமா?" என்றாள் லோயிஸ். "உன் வீட்டுக்காரர் செத்து ஒன்பது வருஷமாச்சு. அவர் பெட்டியைக் குடைஞ்சு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போற?"

"ஒன்பது வருஷமா மனு போட்டு வாங்கியிருக்கேன். படிக்காம விடுவேனா?"

"எழுபத்து நாலு வயசுல உனக்கு இந்தப் பொறாமை ஆகாதுடி."

வெர்னா கார் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

படிப்பறை இரண்டாம் மாடியில். நோயாளிகளின் கட்டில்கள் வரிசையாகக் கிடந்த நீண்ட கூடத்தில் இப்போது மேசைகள் கிடந்தன. ஆவணக் காப்பாளர் வென்டெல் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குனிந்தார்.

"மிஸஸ் டாலிவர், ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். நிறைய இடத்துல மை பூசியிருப்பாங்க. சில பக்கம் இருக்கவே இருக்காது, ஒரு சீட்டு மட்டும் இருக்கும். கோவப்படாதீங்க. எல்லாருக்கும் இப்படித்தான்."

"நாப்பது வருஷமா அவர் எங்கிட்ட பேசினதும் அப்படித்தான் இருந்தது" என்றாள் வெர்னா.

வென்டெல் சிரித்துவிட்டு நகர்ந்தார். அவள் பெட்டியைத் திறந்தாள்.

ஈரக் கம்பளியின் வாசனை வந்தது. அதனடியில் கரிப்புகை. எங்கேயோ யாரோ அடுப்பு மூட்டியிருப்பதுபோல. ஆனால் அந்தக் கட்டடத்தில் அடுப்பே இல்லை.

ட்வைட் டாலிவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழிலிருந்து வியன்னாவில் இருந்தார். ஏதோ ஏற்றுமதி அலுவலகம் என்றுதான் வெர்னாவுக்குச் சொல்லப்பட்டது. அவள் இரண்டு குழந்தைகளோடு மேரிலாந்தில் இருந்தாள். மாதம் ஒரு கடிதம் வரும். அதில் வானிலை இருக்கும். ஐம்பத்தொன்பதில், தேவாலயத்துச் சந்தையில் வைத்து அவருடைய சக அதிகாரியின் மனைவி ஒருத்தி அவளிடம் சொன்னாள்: "வியன்னாவுல உங்க வீட்டுக்காரரை ஒரு பொண்ணோட கைகோத்துப் பாத்தாங்களாமே." அன்று நெஞ்சில் பற்றியது இன்னும் அணையவில்லை. ட்வைட் திரும்பி வந்தார், ஓய்வு பெற்றார், தோட்டத்தில் தக்காளி வளர்த்தார், செத்தும் போனார். கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "அது வேலை, வெர்னா."

இதோ, அந்த வேலை.

ட்வைட் தட்டச்சு செய்து அனுப்பிய அறிக்கைகள் அவை. ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு எடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் எதிர்த்தரப்பின் தூதாள் ஒருவன். சுவரில் துளையிட்டுக் கேட்பதுதான் வேலை. வரிக்கு வரி, பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை. பட்டை கடைக்குப் போனது. பட்டை திரைச்சீலை தைத்தது. பட்டையும் நானும் ஞாயிறு பூங்காவுக்குப் போனோம்.

"பட்டை சிரித்தால் அடுத்த வீட்டார் சுவரைத் தட்டுகிறார்கள். நல்ல அறிகுறி. குடும்பம் என்று நம்பிவிட்டார்கள்."

வெர்னா அந்த வரியை நான்கு முறை படித்தாள். இவர் ஒரு பெண்ணைச் சிரிக்க வைத்திருக்கிறார். சுவர் அதிரும்படி.

அடுத்த பக்கம்.

"நேற்று முழுவதும் பட்டைக்குக் காய்ச்சல். பக்கத்திலேயே இருந்தேன். சந்திப்புக்குப் போகவில்லை."

அவள் கை காகிதத்தின் மேல் நின்றுவிட்டது. அவளுடைய முதல் கரு கலைந்தபோது ட்வைட் நான்காம் நாள்தான் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் நின்றார். இந்தப் பட்டைக்கு ஒரு காய்ச்சல் என்றதும் வேலையையே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். மேல்வரியோடு ஒப்பிட்டு எண்ணினாள். எல்லாப் பட்டையும் ஒரே அளவு. ஐந்து எழுத்து. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து வரும் பெண் பெயர்களைப் பென்சிலால் எழுதிப் பார்த்தாள். ஹெல்கா. கிரேட்டா. எரிகா. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் தோன்றியது. ஒவ்வொரு முகமும் அவளைவிட இளமையாக இருந்தது.

எண்பத்தெட்டாம் பக்கத்திலிருந்து நூற்று மூன்று வரை இல்லை. சீட்டு மட்டும் இருந்தது.

மூடும் நேரத்தில் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பு. அது நகல் காகிதம். அதில் மை ஒட்டாது. இருந்தும் ஒட்டியிருந்தது, ஈரமாக.

வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. லோயிஸ் விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன வெர்னா, தீயில சுட்ட மாதிரி இருக்கு?"

"வலிக்கல" என்றாள் வெர்னா. உண்மையில் அந்த விரலில் உணர்ச்சியே இல்லை.

மறுநாளும் போனாள். மதியம் மூன்று மணி இருக்கும். படிக்க வந்திருந்த ஒரே மாணவியும் பனிக்குப் பயந்து கிளம்பிவிட்டாள். வென்டெல் அவளிடம் வந்தார்.

"கீழ நிலவறையில இன்னொரு பெட்டி இருக்கு. சில சமயம் ஒரே காகிதத்தை ரெண்டு தடவை வெளியிட்டிருப்பாங்க. மை பூசறது வேற வேற ஆளு. ஒருத்தர் மறைச்சதை இன்னொருத்தர் விட்டிருப்பார். பாத்துட்டு வரேன்."

அவருடைய காலடி படிகளில் இறங்கி மறைந்தது.

கூடத்தில் பகல் வெளிச்சம் இருந்தது. சாம்பல் நிறமாக, நிழலே விழாத வெளிச்சம். நீராவிக் குழாய்கள் சூடாகத்தான் இருந்தன. ஆனால் அவள் மேசையைச் சுற்றி மட்டும் குளிர் இறங்கியது. ஜன்னலைத் திறந்ததுபோல அல்ல. நனைந்த மேலங்கியோடு ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்ததுபோல.

கரிப்புகை வாசனை.

வெர்னா தலை நிமிரவில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பட்டையின் மேல் மரத்துப்போன விரலை வைத்து அழுத்தினாள்.

"யாருடி நீ?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் பேரைச் சொல்லு."

காதுக்கு மிக அருகில் ஒரு மூச்சு.

"வெர்னா."

அவள் சட்டென்று திரும்பினாள். "என்ன?"

யாருமில்லை. வரிசையாக மேசைகள். மூடிய கதவு.

"என்னைக் கூப்பிடாதே" என்றாள். "உன் பேரைத்தான் கேட்டேன்."

இந்த முறை இன்னும் நெருக்கமாக. கெஞ்சுவதுபோல.

"வெர்னா."

அவளுடைய பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

அது அவளைக் கூப்பிடவில்லை.

பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் பென்சிலை எடுக்காமலே, விரல்களால் எண்ணிப் பார்த்தாள். வி. ஈ. ஆர். என். ஏ. ஐந்து எழுத்து.

வென்டெல் திரும்பி வந்தபோது அவள் சுவரோரம் நின்றிருந்தாள். அவர் கையில் ஒரு மெல்லிய கோப்பு.

"கிடைச்சிருச்சு, எண்பத்தெட்டாம் பக்கம்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?"

"படிங்க. நீங்களே படிங்க."

அவர் படித்தார். ட்வைட்டுக்கு வியன்னாவில் மனைவி தேவைப்பட்டாள், நம்பவைப்பதற்கு. எல்லை தாண்டி அகதியாக வந்த ஒரு பெண்ணைத் துறை பொறுக்கியெடுத்தது. மேரிலாந்திலிருந்த உண்மையான மனைவியின் பிறப்புச் சான்றிதழின் நகலை வைத்து அவளுக்கு அடையாளக் காகிதம் செய்தார்கள். திருமதி வெர்னா டாலிவர். மூன்று வருடம் அந்தப் பெயரில் ரொட்டி வாங்கினாள், அந்தப் பெயரில் சிரித்தாள். ஐம்பத்தொன்பது டிசம்பரில் ட்வைட் அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அவளை வீட்டில் தனியாக விட்டுப் போனார். ஜனவரி நான்காம் தேதி எதிர்த்தரப்பு ஆட்கள் கதவைத் தட்டினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அறுபதாம் ஆண்டு ஜனவரி ஒன்பதில் அவளை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். வெர்னா டாலிவர் என்ற பெயரிலேயே வியன்னாவில் அடக்கம் செய்தார்கள்.

"உண்மைப் பெயர்" என்று படித்த வென்டெல் நிறுத்தினார். "பதிவில் இல்லைன்னு போட்டிருக்கு. மறைக்கலை. நிஜமாவே இல்லை. பின்னாடி ஒரு கடிதம் வேற இணைச்சிருக்காங்க. அவர் ஏன் ஊருக்குப் போனார்ங்கறதுக்கு."

அவர் அதைப் படிக்கவில்லை. மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். அவளுடைய சொந்தக் கையெழுத்து. துறை பிரித்துப் படித்து நகலெடுத்து வைத்திருந்த கடிதம். 'இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டில் இல்லையென்றால், இனி வீட்டுக்கே வர வேண்டாம்.'

வந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் அவளுக்கு நினைவிருந்தது. வான்கோழியை அறுக்கக் கத்தியை எடுத்தவர், வெகுநேரம் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தின் ஓரத்தில், மங்கிய பென்சிலில், ட்வைட்டின் கையெழுத்து: 'அவளுக்கு இந்த ஒரு பெயராவது மிஞ்சட்டும். கல்லறைக் கல்லில் இருப்பதை யாரும் மாற்ற வேண்டாம்.'

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். வெர்னாவுக்கும் அவள் மேல் இரக்கம் வந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கீழே அந்தப் பழைய நெருப்பு நிமிர்ந்தது. என் புருஷன். என் பெயர். மூன்று வருடம் அவரோடு வெர்னாவாக வாழ்ந்தது அவள். இங்கே சமையலறையில் காத்துக் கிடந்தது நான். அவள் செத்த பிறகும் அவர் அவளுக்குத்தான் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு என்ன எழுதினார்? வானிலை.

"பதிவைத் திருத்தறதுக்கு ஒரு படிவம் இருக்குமே" என்றாள்.

"இருக்கு."

"கொடுங்க. அந்தக் கல்லுல இருந்து என் பேரை எடுக்கணும்."

வென்டெல் தயங்கினார். "மிஸஸ் டாலிவர், அவங்களுக்கு வேற பேரே இல்லையேம்மா."

"அது என் பேரு."

அவள் கையெழுத்துப் போட்டபோது கூடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. குளிர் போயிருந்தது. வாசனையும் போயிருந்தது. நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால், இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று கெஞ்சிய ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது.

ஏப்ரலில் பதில் வந்தது. இரண்டே வரி. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. வியன்னாவில் இருந்த கல் அகற்றப்பட்டது.

அந்த ஞாயிறு, வழிபாடு முடிந்ததும், இருவரும் ட்வைட்டின் கல்லறைக்குப் போனார்கள். நல்ல வெயில். செர்ரி மரங்கள் பூத்திருந்தன. குடும்பங்கள் பூங்கொத்தும் கையுமாக நடந்துகொண்டிருந்தன. வெர்னா லோயிஸின் கையை விட்டுவிட்டு முன்னே போனாள்.

கணவன் மனைவிக்கு ஒரே கல். ட்வைட் போனபோதே அவள் பெயரையும் பிறந்த வருடத்தையும் பக்கத்தில் செதுக்கி, அடுத்த வருடத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

இடம் இல்லை.

வெர்னா டாலிவர், 1924 – 1960.

லோயிஸ் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். பார்த்தாள். "எந்த முட்டாள் பண்ணின வேலை இது! வா, ஆபீஸ்ல போய்க் கேப்போம்."

வெர்னா குனிந்து எண்களைத் தொட்டாள். புதிதாகச் செதுக்கியது அல்ல. பள்ளங்களுக்குள் பாசி கறுத்துக் காய்ந்திருந்தது. விளிம்புகள் மழையில் தேய்ந்திருந்தன. ஆனால் கல்லே ஒன்பது வருடத்துக் கல்தான்.

அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார்.

"டாலிவர்... இதோ இருக்கு. ட்வைட், எண்பத்தொன்பதுல. மனைவி வெர்னா, அறுபதுல." அவர் நிமிர்ந்தார். "சரியாத்தானே இருக்கு? அந்தம்மாதான் இங்க முதல்ல வந்திருக்காங்க."

"ஐயா, அந்தம்மா உயிரோட உங்க முன்னாடி நிக்கிறாங்க!" என்றாள் லோயிஸ்.

குமாஸ்தா சங்கடமாகச் சிரித்தார். பேனாவை எடுத்தார். "ஏதோ குழப்பம். பரவாயில்லை, விசாரிச்சுடலாம். உங்க பேரைச் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

வெர்னா சொன்னாள்.

குமாஸ்தா காத்திருந்தார்.

"சொல்லுங்கம்மா."

அவள் மறுபடியும் சொன்னாள். நாக்கு அசைந்தது. உதடு அசைந்தது. அவளுக்கே எதுவும் கேட்கவில்லை.

"இவ என் அக்கா" என்றாள் லோயிஸ், பொறுமையிழந்து. "அறுபத்தொம்பது வருஷமா எனக்குத் தெரியும். எழுதுங்க. இவ பேரு..."

லோயிஸ் நிறுத்தினாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மீண்டும் வாயைத் திறந்தாள். மெல்ல அவள் கண்களில் ஒரு பயம் ஏறியது.

குமாஸ்தாவின் பேனா அந்த வெற்று வரியின் மேல் அப்படியே நின்றது.