பதினாலாம் ஐடி

மரக்காணத்துக்குச் சற்று முன்னால் ஈ.சி.ஆர். சாலையை விட்டு உப்பளத்துக்குள் ஒரு மண் பாதை பிரியும். 2006 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் வேன் என்னை அந்தப் பாதையின் முடிவில் இறக்கிவிட்டது. பாண்டி ஆபீஸில் இருந்த என்னை டீம் லீடராக்கி இங்கே மாற்றியிருந்தார்கள். சம்பளம் கூடவில்லை, பட்டம் மட்டும் கூடியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது, அசடு.

எப்போதோ ஓர் உப்பு வியாபாரி கட்டிய பழைய பங்களா. சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிரும். வெளியே உப்புப் பாத்திகளில் வெயில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். அந்த வெளிச்சம் மானிட்டரில் அடிக்கக் கூடாதென்று ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே போனால் மேட்னி ஷோ இருட்டு. ஈரச் சேறும் கசப்பு உப்பும் கலந்த ஒரு வாசனை ஏ.சி. குளிரில் உறைந்து நிற்கும். செல்போனை வாசலில் வாட்ச்மேன் கன்னியப்பனிடம் கொடுத்துவிட வேண்டும். பாத்ரூம் போனால் நோட்டில் நேரம் எழுத வேண்டும். மாலை ஐந்து மணி வேன் வரும்வரை அங்கிருந்து யாரும் அசைய முடியாது.

வேலை இதுதான். ஏதோ வெளிநாட்டுச் சர்ச்சுகளின் பழைய அடக்கப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். பெயர், வயது, செத்த தேதி, செத்த நேரம். ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக டைப் அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அது சரி என்று முடிந்துவிடும், அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒத்துப்போகாத வரிகள் மட்டும் என் திரைக்கு வரும். இடப்பக்கம் முதல் கை அடித்தது, வலப்பக்கம் இரண்டாவது கை அடித்தது. ஸ்கேனைப் பார்த்து எது சரியோ அதை நான் எடுக்க வேண்டும்.

பதினாலு சீட், பதிமூன்று பேர். மூலையில் இருந்த பதினாலாம் சீட்டின் கீபோர்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தார்கள். மெர்லின் என்ற பெண்ணுக்கு மட்டும் ஜோடி இல்லை.

"அது ஒண்ணும் பிரச்சின இல்ல," என்றார் மேனேஜர் தட்சணாமூர்த்தி. "அமராவதி லாங் லீவு. ஹெட் ஆபீஸ்ல பதினாலு பேருன்னு காட்டியாச்சு. மெர்லின் அடிக்கிற ஃபைல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அமராவதி ஐடில போட்டு ஒரு காப்பி பண்ணிடு. ரெண்டும் ஒண்ணாதான இருக்கும், மிஸ்மேட்சே வராது. நாம எல்லாம் ஒரே ஃபேமிலி ஜான்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். தினமும் பன்னிரண்டு மணிக்கு அமராவதியின் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய் ஃபைலைக் காப்பி செய்வேன். அதோடு அவள் அன்றைக்கு வேலைக்கு வந்ததாக அட்டெண்டன்ஸும் ஆகிவிடும்.

மூன்றாவது வாரம் மெர்லினின் ஃபைலில் ஒரு மிஸ்மேட்ச் வந்து நின்றது. இடப்பக்கம் ஹட்சன். வலப்பக்கம் ஹாட்சன். ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். ஹாட்சன்தான் சரி. மெர்லின் தப்பாகப் படித்திருக்கிறாள். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வலப்பக்கம் இருப்பது நான் எடுத்த காப்பி. காப்பி எப்படி மூலத்தைத் திருத்தும்?

மறுநாள் நாலு வந்தது. அதற்கடுத்த நாள் பதினொன்று. எல்லாவற்றிலும் வலப்பக்கமே சரி.

சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஆக்யுரசி ஏறுதில்ல? நோண்டாத, விடு." மாதக் கடைசியில் ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. சிறந்த ஊழியர், அமராவதி. சார் அவள் போட்டோவைப் பலகையில் ஒட்டி எங்களைக் கைதட்டச் சொன்னார். ஒல்லியான பெண், நெற்றியில் திருநீறு, போட்டோ எடுத்தவரை நம்பாத ஒரு பார்வை. நாங்களும் தட்டினோம். பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு தட்டினார்கள். அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் கன்னியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, செத்துப்போன பொண்ணு படத்த ஒட்டிட்டுக் கை தட்றீங்க?"

போன அக்டோபர் மழையில் நடந்தது. காலை பத்து மணிக்கே அமராவதிக்கு வயிற்று வலி. "சாருகிட்ட மூணு தபா கேட்டுச்சும்மா. வேலைய முடிச்சிட்டுப் போன்னுட்டாரு. அஞ்சு மணி வேன்லதான் ஏறுச்சு. கோட்டக்குப்பம் தாண்டல. உள்ள என்னமோ வெடிச்சிப் போச்சுன்னாங்க."

அன்றைக்கு நான் வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. தெரிந்த பிறகும் ஏப்ரல் வரை தினமும் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டேன். மற்றவர்கள் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டத்துக்காக மூடிக்கொண்டேன்.

ஏப்ரலில் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டர்கள் பேட்டரியில் ஓடும், ஏ.சி. மட்டும் நிற்கும். ஜெனரேட்டர் பிடிக்கப் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் கழுத்தைத் தேய்ப்பார்கள். அறை அப்படியே அமைதியாகும்.

மூலையில் ஒரு சத்தம் நிற்கவில்லை.

பிளாஸ்டிக் உறைக்கு அடியில் பட்டன்கள் அமுங்கும் சத்தம். அவசரமில்லாமல், ஒரே சீராக.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெனரேட்டர் பிடித்தது. எல்லோரும் மறுபடி டைப் அடிக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு நாலு நாள் கழித்து, ஏப்ரல் பதினொன்றாம் தேதி, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். திரையில் ஒரு வரி வந்தது. இடப்பக்கம் எல்லன் மூர், வயது அறுபத்தொன்று, ஏதோ நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. வலப்பக்கம் பார்த்தேன்.

மெர்லின் அற்புதராஜ். இருபத்திரண்டு. 11 ஏப்ரல் 2006. மாலை 4.10.

இடப்பக்கத்தை எடுத்தேன். வரி போனது. அடுத்த வரி வந்தது. இடப்பக்கம் வேறு பெயர். வலப்பக்கம் அதே மெர்லின் அற்புதராஜ், அதே 4.10.

மறுபடி இடப்பக்கம். மறுபடி மெர்லின்.

ஏழாவது முறை தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று சீட் தள்ளி மெர்லின் நெற்றியை மானிட்டரில் சாய்த்திருந்தாள். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. ஒரு கை டைப் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"காலையிலேர்ந்து புடிச்சி இழுக்குதுக்கா. அஞ்சு மணி வேன்ல போயிக்கன்னு சார் சொல்லிட்டாரு." கழுத்தெல்லாம் வேர்த்து, தொட்டால் சுட்டது. அப்புறம் குரலை இறக்கி, "அக்கா, யாரோ பின்னாடி நின்னு எழுந்திரு, எழுந்திருன்றாங்க. நீங்களா?"

நான் இல்லை.

சார் ரூமுக்கு ஓடினேன். "நாலு மணிக்கு கிளையன்ட் கால் ஜான்சி. சீட்டெல்லாம் நிறைஞ்சிருக்கணும். வயித்து வலிக்கெல்லாம் ஆள அனுப்பினா ஆபீஸ் நடத்த முடியுமா?"

"அக்டோபர்ல அமராவதிகிட்டயும் இதத்தான் சொன்னீங்களா சார்?"

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. அப்புறம் பழையபடி ஆனது. "அவள வெளிய கூட்டிட்டுப் போனா, நீயும் நாளைக்கு வர வேணாம்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. மெர்லினை அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது. கன்னியப்பன் ஓடிப்போய் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரியை மறித்தார். டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாதி ஏற்றிய லோடோடு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் மெர்லின் என் மடியில் முனகிக்கொண்டே வந்தாள். கோட்டக்குப்பம் தாண்டும்போது நான் சத்தமாக அழுதேன்.

பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றரைக்கு உள்ளே எடுத்துப் போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு கடிகாரம். 4.09. 4.10. அந்த ஒரு நிமிடம் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

4.11.

ஐந்தரைக்கு டாக்டர் வெளியே வந்தார். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். "இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம்," என்றார். மெர்லினின் அம்மா சந்தனமேரி என் கால் பக்கம் குனிந்தார். நான் அதற்குத் தகுதியானவள் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் பிற்பகல் சந்தனமேரி டீ வாங்கப் போனார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வார்டில் டெட்டால் வாசனை, மேலே ஃபேன் சத்தம். மெர்லின் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையின் மேல் அவள் கைகள் இரண்டும் அசைந்தன.

விரல்கள் டைப் அடித்தன.

தூக்கத்தில் எங்கள் ஆட்கள் இப்படிச் செய்வதுண்டு. முதலில் சிரிப்புகூட வந்தது. ஆனால் ஒன்பது வருஷமாகக் கீபோர்டில் கிடக்கிறவள் நான். எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். இடது சுண்டுவிரல் ஒன்று விட்டு ஒன்று நாலு முறை அழுந்தியது. நடுநடுவே மற்ற விரல்கள். நான் உதட்டுக்குள் எழுத்துக் கூட்டினேன்.

அமராவதி. இருபத்து மூன்று. அக்டோபர் மாதம், ஒரு தேதி. மாலை 5.40. வலது சுண்டுவிரல் நீண்டு என்டர் தட்டியது.

ஒரு நிமிடம் ஓய்வு. மறுபடி அதே வரி. மறுபடி என்டர். மறுபடி ஓய்வு.

அமராவதி எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு கை அடித்தால் எங்கள் தொழிலில் அது பதிவு இல்லை. இரண்டாவது கை அதையே அடிக்க வேண்டும். ஆறு மாதமாக அவள் தினமும் வேலைக்கு வந்ததாகத்தான் அந்த ஆபீஸ் எழுதியது. அதில் இரண்டு மாதம் எழுதியது நான்.

கட்டில் சட்டத்தில் விரல்களை வைத்தேன். ஒரு தடவை தப்பியது. மறுபடி முதலிலிருந்து அடித்தேன். பெயர், வயது, தேதி, நேரம். என்டர்.

மெர்லினின் கைகள் நின்றன.

மன்னித்துவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுதேன். பக்கத்துக் கட்டில் ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். மனசு அவ்வளவு லேசாகி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

விரல்கள் மறுபடி அசைந்தன.

அடுத்த வரி.

வலது ஆள்காட்டி விரல், ஜே. இடது சுண்டுவிரல், ஏ.

"வேணாம்மா," என்றேன். அவள் கைகளை என் கைகளால் மூடிப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தன. பிடிக்குள்ளேயே விரல்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. பார்க்கவே வேண்டியதில்லை, உள்ளங்கையில் ஒவ்வொரு எழுத்தும் குத்தியது. என், சி, ஒய். என் பெயர் முடிந்தது. வயது வந்தது. இரண்டு. எட்டு.

எனக்கு அப்போது இருபத்தேழு.

தேதி வருவதற்குள் கைகளை உருவிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். போர்வையில் விரல்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஒரு தட்டு. அதோடு நின்றது.

மெர்லின் பிழைத்து, இப்போது பெரிய முதலியார்சாவடியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. என்னை வேலையை விட்டு நீக்கிய கம்பெனி ஒரு ஃபாரமும் அனுப்பியது. நிர்வாகம் பற்றி உங்கள் கருத்து என்று கேட்டு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். அமராவதி செத்துவிட்டாள் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

இது டிசம்பர். ஜனவரி பதினெட்டில் எனக்கு இருபத்தெட்டு பிறக்கிறது. அந்த வரியை இதுவரை ஒரு கைதான் அடித்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். டைப் அடிக்கிற இடம் பக்கம் போவதில்லை. மெர்லினைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

நேற்று பாண்டி பஸ்ஸில், யாரென்றே தெரியாத ஒரு நடுத்தர வயதுப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தார். காலாப்பட்டு தாண்டியதும் கூடை மூடியின் மேல் அவர் விரல்கள் தட்ட ஆரம்பித்தன. வலது ஆள்காட்டி விரல். அடுத்து இடது சுண்டுவிரல்.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து நான் குதித்தேன்.