ஜன்னல் போன்ற அமைப்பு

எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில் திரை தொங்கியது.

வேறு எந்த ஜன்னலாக இருந்தாலும் அவள் இரண்டாவது தடவை பார்த்திருக்க மாட்டாள். தெரு முழுக்க ஜன்னல்கள்தானே. கீழே கடைகள், மேலே வீடுகள், வீடுகளில் திரைகள். ஆனால் இந்த ஜன்னலுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. சட்டம் உண்டு, கண்ணாடி உண்டு, புறா வந்து உட்கார விளிம்பு உண்டு. கண்ணாடியை ஒட்டினாற்போல் கறுப்புச் சாயம் பூசிய செங்கல் சுவர். திரை தொங்குவதற்கு விரற்கடை இடம்கூட அங்கே இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அனுமதி கொடுத்ததே அவள்தான்.

தன் வீட்டுக் கூடத்து ஜன்னலில் நின்றிருந்தவளின் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கீழே பேக்கரியிலிருந்து ரொட்டி வேகும் வாசனை மேலேறி வந்தது. பேருந்துகள் ஒன்றையொன்று முட்டுவதுபோல நின்று ஹாரன் அடித்தன. வெயில் இறங்கிவிட்ட அந்த மங்கலில் திரையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தன. வெளிர் மஞ்சள் துணி. நல்ல கைத்திறனோடு தைத்த திரை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு மடிப்பு கொஞ்சம் விலகியது, யாரோ ஒரு விரலால் ஒதுக்கிப் பார்ப்பதுபோல. பிறகு மூடிக்கொண்டது.

எதிரொளியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டாள். ஆனால் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

நகரத்தின் கட்டட வடிவமைப்புப் பிரிவில் அவள் மூத்த அதிகாரி. முதுகுக்குப் பின்னால் ஒப்பந்தக்காரர்கள் "ஸ்கேல் மேடம்" என்பார்கள். அது காதில் விழும்போது உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும். யாருக்கும் வளையாதவள் என்று பெயர். கடையும் வீடும் கலந்த இந்தப் பகுதிக்கான விதிகளை அவள்தான் வரி வரியாக எழுதினாள். கடை முகப்பில் பாதிக்கு மேல் கண்ணாடி இருக்க வேண்டும், நடைபாதைக்கு மேல் நிழல்கூரை நீள வேண்டும், மேல் மாடிகள் கொஞ்சம் உள்வாங்கி நிற்க வேண்டும். தெருவைப் பார்த்த எந்தச் சுவரும் வெறுஞ்சுவராக நிற்கக் கூடாது. வெறுஞ்சுவர் என்றால் கட்டடம் தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது என்று அர்த்தம், அது மரியாதை இல்லை என்பாள். அந்தத் தெருவை அவள் மனதார நேசித்தாள்.

விதிகளை முடிவு செய்யும் கடைசிக் கூட்டத்தில் கட்டுநர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஜெனரேட்டர் புகைக்குழாய் ஓடுகிற சுவரில் எப்படி மேடம் ஓட்டை போடுவது என்றார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பள்ளிக்கூட வாசலில் மகள் காத்துக்கொண்டிருப்பாள். அவள் பேனாவை எடுத்து, "ஜன்னல்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "அல்லது ஜன்னல் போன்ற அமைப்பு" என்று சேர்த்தாள். எல்லோரும் நிம்மதியாக எழுந்துபோனார்கள்.

எதிர்க் கட்டடம் இருந்த இடத்தில் முன்பு தகரக் கூரை போட்ட கடைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் திரை தைக்கும் பெண் ஒருத்தி, தனிக்கட்டை, கடையிலேயே படுத்துக்கொள்பவள். புதுக் கட்டடத்தில் அவளுக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். வேலை நடக்கும்போது பார்வையிடப் போனவளை, சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் வழிமறித்துத் திரைக்காரி கேட்டாள்.

"என் ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வருது, மேடம்? நாள் பூரா ஊசியைப் பாக்கிற கண்ணு. வெளிச்சம் வேணும்."

"தெருப் பக்கம் வருது. வெளியிலேர்ந்து பாருங்க, ரொம்ப அழகா இருக்கும்."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. திரைக்காரி முகம் மலர்ந்து, உங்க வீட்டுக்கு நான் சும்மாவே ஒரு திரை தைச்சுத் தர்றேன் என்றாள். குடியேறின அன்று அவள் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றதாக யாரோ சொன்னார்கள். மனு கொடுக்க ஆபீசுக்கும் வந்தாளாம். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தீ பிடித்தது ஒரு நடுப்பகலில். கீழே மின்சாதனக் கடையில் ஆரம்பித்த புகை, படிக்கட்டை அடைத்துக்கொண்டு மேலே போனது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் மூன்றாம் மாடி ஜன்னலைத்தான் காட்டினார்கள். ஏணி வைத்து ஏறினவர் கோடரியால் கண்ணாடியை உடைத்தார். உள்ளே செங்கல் இருந்தது. செங்கலுக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.

விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது. விதிப்படிதான் கட்டியிருக்கிறது. அவளும் அதையேதான் சொன்னாள். வெளியே நடைவழியில் அந்தத் தீயணைப்பு வீரர் நின்றிருந்தார். நடுவயதுக்காரர், இன்னும் இருமிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தம்மா கடைசி வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்துச்சு. காப்பாத்துங்கன்னு கேக்கல. இதை யாரு இப்படி வெச்சதுன்னுதான் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேச்சுக் குடுத்துட்டே இருந்தா மயங்காதுன்னு சொல்வாங்க. அதனால சொன்னேன். அனுமதி குடுத்தவங்கன்னு வாசல் போர்டுல இருந்துச்சே, உங்க பேரைச் சொன்னேன்."

கட்டடத்தைச் சீர்செய்து, சாயம் அடித்து, அதே இடத்தில் அதே ஜன்னலை மறுபடி மாட்டினார்கள். விதிப்படி.

திரையைப் பார்த்த மறுநாளிலிருந்து அவள் வீட்டுச் சுவருக்குள் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. காலால் மிதிக்கும் பழைய மெஷின். கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், துணியைத் திருப்புகிற நேரம் கழித்து மறுபடி ஓடும். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது கேட்டது. மகளுக்குத் தலை பின்னும்போது, மகளின் தலைக்குப் பின்னாலிருந்த சுவரில் கேட்டது. கூடவே நூல் கருகும் வாசனை. கீழே ஏதாவது கடையா இருக்கும் என்றார் கணவர். அவர் கல்லூரியில் கணிதம் நடத்துபவர், எதற்கும் பதறாத மனிதர். கீழே இருப்பவை பேக்கரியும் மருந்துக் கடையும்தான்.

பிறகு ஒரு சாயங்காலம் சமையலறை ஜன்னல் மூடிக்கொண்டது.

வெளியே மேகமூட்டமாக்கும் என்று நினைத்து ஜன்னல் கதவைத் திறந்தாள். கண்ணுக்கு எதிரே செங்கல். கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரரின் நெற்றியைப்போல. அவள் போட்ட சத்தத்தில் கணவர் ஓடிவந்தார்.

"என்ன இருக்கு இங்க?" என்றார்.

"சுவரு. செங்கல் சுவருங்க. உங்களுக்குத் தெரியலையா?"

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். அந்தக் கை மணிக்கட்டு வரைக்கும், பிறகு முழங்கை வரைக்கும் செங்கலுக்குள் போவதை அவள் பார்த்தாள். வெட்டி ஒட்டவைத்ததுபோல அவர் கை சுவரில் முடிந்து நின்றது. அவர் சிரித்துக்கொண்டே கையைத் திரும்ப இழுத்தார்.

"பாரு, தூறுது."

விரல்களிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக இயக்குநரின் அறைக்குப் போனாள். எதிர்க் கட்டடத்தின் அந்தச் சுவரை இடித்து நிஜ ஜன்னல் வைக்க வேண்டும், புகைக்குழாயை வேறு பக்கம் கொண்டுபோகலாம், வரைபடம் நானே போடுகிறேன் என்றாள். இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். அன்பாகத்தான் பேசினார். இப்போது இடித்தால் முன்பு கட்டினது தப்பு என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். முடிந்துபோன விஷயம். உங்கள் பெயர்தான் முதலில் கெடும். கொஞ்ச நாள் லீவு போடுங்கள்.

  "சரி சார்" என்று எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது படுக்கையறை ஜன்னல் செங்கலாகியிருந்தது. குளியலறையின் சின்னக் காற்றுத்துளை, மகளின் அறை ஜன்னல், எல்லாமே. மகள் தன் ஜன்னலோரம் உட்கார்ந்து, செங்கலைப் பார்த்துக்கொண்டே, அதோ ஒரு நாய் ரோட்டைக் கடக்குதும்மா என்றாள்.

மிச்சமிருந்தது கூடத்தின் பெரிய ஜன்னல் மட்டும். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணை எடுத்தால் அதுவும் போய்விடும் என்று தோன்றியது. எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மஞ்சள் திரை முழுக்க ஒதுக்கியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெறும் கறுப்புச் சுவர். அங்கே இப்போது யாரும் இல்லை.  அங்கே இல்லையென்றால் எங்கே?

மகள் கேக் கேட்டாள். கணவர் செருப்பை மாட்டினார்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க."

"கீழ பேக்கரிக்குத்தான். இதோ வந்துடறோம். நீ ஜன்னல்லேயே நில்லு, குட்டி கை காட்டுவா."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் மகளின் துள்ளும் காலடிகள் இறங்கிப்போயின. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. சோபாவில் மகளின் பாடப்புத்தகம் திறந்தபடி கிடந்தது. எல்லாம் வழக்கம்போல இருந்ததுதான் கொடுமை.

அடுப்பை அணைத்தோமா என்று ஒரு நொடி சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

ஒரே ஒரு நொடி.

திரும்பிப் பார்த்தபோது ஜன்னலருகே ஒருத்தி நின்றிருந்தாள். முதுகு தெரிந்தது. அவளுடைய புடவை. அவளுடைய கொண்டை. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்கும் அவளுடைய பாங்கு. சேலைத்தலைப்பின் ஓரம் மட்டும் கருகியிருந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது. "அம்மா!"

நின்றிருந்தவள் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"அப்பா, அம்மா கை காட்றாங்க பாருங்க." கணவர் சிரித்தது தெளிவாகக் கேட்டது.

அவள் ஓடினாள். கத்தினாள். கத்தினதாக நினைத்தாள். நின்றிருந்தவள் திரும்பவேயில்லை. அந்த ஜன்னலில் இதுவரை இல்லாத ஒரு மஞ்சள் திரையை இரண்டு கைகளாலும் இழுத்து, தைத்துப் பழகின விரல்களால் மடிப்பை நீவி, அதற்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் போனாள். திரை மூடியது.

பிடித்து இழுத்தாள். கம்பியோடு வந்தது.

செங்கல். ஈரச் சாந்து. கறுப்புச் சாயம் விரலில் ஒட்டியது.

வாசல் பக்கம் திரும்பினாள். வாசல் இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர். சாவி மாட்டும் ஆணி சுவரின் நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ மெல்லிய புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் கால்விரல்களைத் தொட்டது.

காலடிகள் படியேறின. சுவருக்கு அந்தப் பக்கம். கதவு திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம். கேக் பெட்டியின் நூலை அவிழ்ப்பது, தட்டு எடுப்பது, நாற்காலி நகர்வது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அவளுடைய குரல் மகளைக் கை கழுவிட்டு வா என்றது. கணவர், இப்ப பரவாயில்லையா என்று கேட்டார். எனக்கு இப்போ நல்லாருக்குங்க, என்றது அவளுடைய குரல்.

அவள் தட்டினாள். உள்ளங்கையால். முட்டியால். நெற்றியால். புகை இடுப்புக்கு வந்தது.

சின்னக் காலடிகள் சுவரருகே வந்து நின்றன. ஒரு சின்னக் கை சுவரைத் தடவுவது கேட்டது.

"அம்மா, இந்தச் சுவர் ஏன் சுடுது?"

அவள் தன் கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்தாள். வாயில் புகை. குரல் வரவில்லை.

"வெயில் பட்டிருக்கும் கண்ணு" என்றது அந்தப் பக்கத்துக் குரல், பதமாக, அவசரமே இல்லாமல். "கையை எடு. சாப்பிட வா."

சின்னக் கை சுவரை விட்டு எடுபட்டது.