இரண்டு நிமிடத்துக்கு மூன்று

செத்துப் பதினோரு வாரமான மாட்டின் இடப்பக்க இடுப்புக் குழியில் அவள் முஷ்டியை வைத்து அழுத்தியபோது, உள்ளே ஏதோ புரண்டு கையை வெளியே தள்ளியது. போன திங்கட்கிழமை, கால்நடை மருத்துவக் கல்லூரி முதலாண்டு செய்முறைத் தேர்வில் நடந்தது இது.

"சார், இரைப்பை அசையுது. ரெண்டு நிமிஷத்துக்கு மூணு தடவை" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லித் தொலைத்தாள். உயிருள்ள மாட்டுக்கு அது சரியான கணக்கு. அழுகாமலிருக்க மருந்தேற்றி, தலையை அறுத்தெடுத்து, நிற்கிறாற்போலக் கொக்கிகளில் தொங்கவிட்ட உடம்புக்கு?

"செத்த மாட்டை எழுப்பிட்டியா, மந்திரவாதி?" என்றார் பேராசிரியர். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மதிப்பெண் பூஜ்யம். அன்றிலிருந்து அவளுக்கு மந்திரவாதி என்றே பெயர்.

இன்று மறுதேர்வு. இதிலும் தோற்றால் ஒரு வருடம் போய்விடும். "வருஷம் போச்சுன்னா மூட்டையைக் கட்டிட்டு வந்துடு" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மத்தியானம் மூன்று மணி வெயில் உயரத்து ஜன்னல்களில் விழ, கண்ணைக் கரிக்கிற மருந்து நெடியும், ஈரத் தரையும், எங்கோ சொட்டுகிற குழாயுமாக இருந்த அந்தக் கூடத்தில் அவளும் பேராசிரியரும் மட்டும். பொய்யா சொன்னாள்?

"கையை வை. அசையுதா சொல்லு" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வைத்தாள். தோல் ஊறிய செருப்பைப் போல விறைத்து, குளிர்ந்து கிடந்தது. குழாய் சொட்டியது. அப்புறம் அது வந்தது, சாவகாசமாக, முஷ்டியைத் தூக்கிக்கொண்டு. நாற்பது விநாடி கழித்து மறுபடியும். இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

"அசையல சார்."

"அப்படி வா வழிக்கு."

அவர் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நடந்தார். தகரத் தட்டில் அதே மாட்டின் தலை. "மேல்தாடையில ஒரு பக்கம் கடைவாய்ப் பல் எத்தனை? கையை விட்டு எண்ணு."

ஆறு. புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஆனால் கை நீளவில்லை. தட்டில் எச்சில் தேங்கியிருந்தது. நுரையோடு. புதிதாக.

"சார், வேணாம் சார். அது..."

"ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்? ஃபெயில் போடட்டுமா?"

போடுவார். யோசிக்காமல் போடுவார். சரி, என்னவோ செய்து தொலையட்டும். வாயை மூடிக்கொண்டாள்.

"பயந்தாங்கொள்ளி. இங்க பாரு" என்று கையுறையைக்கூட மாட்டாமல் அவரே கையை விட்டார். மணிக்கட்டு வரை. "ஒண்ணு. ரெண்டு. மூணு..."

நிறுத்தினார்.

அவள் முதுகுக்குப் பின்னால் கொக்கிச் சங்கிலிகள் மெல்லக் கிறீச்சிட்டன.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிப்பு இல்லை. கையை இழுத்தார். வரவில்லை.

கீழ்த்தாடை இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு வலப்பக்கம். அவசரமே இல்லாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அது மெல்லத் தொடங்கியது.