இரண்டாம் எண் விமானம்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ரூபென் கார்ரோ விமானக் கழகத்தின் பின்னறையைத் திறந்தார். கணினியின் பக்கவாட்டுத் தகடு தரையில் கிடந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்த இடம் காலி. இழுப்பறையில் வைத்திருந்த இரண்டு நகல் சிடிக்களையும் காணவில்லை. பூட்டு உடைபடவில்லை. ஜன்னல் கம்பிகளிலும் கீறல் இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் நெலிதா பைகோரியா வந்தபோது ரூபென் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். வெளியே சொர்ரில்யேரோ காற்று மூன்று நாளாக ஓயாமல் விமானக் கொட்டகையின் தகரங்களை அடித்துக்கொண்டிருந்தது. நெலிதாவுக்கும் ஓரிடத்தில் நிற்கும் வழக்கமில்லை. இருவரும் நடந்தபடியே பேசினார்கள்.

"விளையாட்டுக்கா இவ்வளவு கலவரம்?"

"அஞ்சு வருஷ உழைப்பு மேடம்."

பதினைந்து வருடத்துக்கு முன் வெளிவந்த விமானப் போர்க் கணினி விளையாட்டு அது. விற்ற கம்பெனியே மறந்துவிட்டது. ஆனால் உலகம் முழுக்கச் சில ஆயிரம் பேர் இன்னும் அதில் பறக்கிறார்கள். அதற்கு ஒரு கூடுதல் தொகுப்பை வில்யா மெர்செடெஸ் ஊர்க்காரர்கள் நால்வர் செய்திருந்தார்கள். எண்பத்திரண்டில் தீவுகளுக்காக ஆங்கிலேயரோடு நடந்த மால்வினாஸ் போர். தெற்குக் கடல், தீவுகள், இந்த ஊரிலிருந்து போன ஸ்கைஹாக் விமானங்கள். வரும் சனிக்கிழமை கொட்டகையில் வெளியீடு.

"வேற எங்கயும் நகல் இல்லையா?"

"இன்னிக்கு நெட்ல ஏத்தறதா இருந்தேன். கடைசி வேலையே சனிக்கிழமை சாயங்காலம்தான் முடிஞ்சுது. எரிபொருள் கணக்கு. அதுவரைக்கும் எவ்வளவு பறந்தாலும் எண்ணெய் குறையாத மாதிரி வச்சிருந்தோம். எல்லாரும் போனப்புறம் உக்காந்து ஏத்தினேன். ஒரு தடவை கிளப்பி இறக்கிப் பாத்தேன். பூட்டிட்டுப் போயிட்டேன்."

"சாவி?"

"நாலு பேருகிட்டயும் இருக்கு."

அறையின் நடுவில் பழைய ரெனோ காரின் இருக்கையும் ஒட்டுப்பலகையும் கொண்டு செய்த ஒரு விமானி அறை இருந்தது. இருக்கையை ஏற்றி இறக்க ஒரு நெம்புகோல். கால் பெடல்கள் தண்டவாளம் போன்ற சட்டத்தில் முன்னும் பின்னும் நகரும். ரூபென் சட்டென்று குனிந்தார்.

"பெடல் கிட்ட வந்திருக்கு மேடம். நான் ஆறடி. சனிக்கிழமை கடைசி வரைக்கும் தள்ளி வச்சுட்டுப் போனேன்."

"குள்ளமான யாரோ உக்காந்திருக்காங்க."

"எங்க நாலு பேர்ல சில்வினாவும் கேப்டன் திஸேராவும்தான் குள்ளம்."

குள்ளமான நெலிதாவும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கால்கள் பெடலில் வசதியாகப் பதிந்தன. எதிரே கருவிப் பலகையின் விளிம்பு திரையின் கீழ்ப்பாதியை மறைத்தது. இறங்கிவிட்டார். மேசையில் மாத்தே என்னும் இலைப் பானத்தின் குடுவை இருந்தது. இலை சாறெல்லாம் போய் வெளுத்திருந்தது. பிளாஸ்கில் ஒரு சொட்டு வெந்நீர் இல்லை.

"இது உங்களுதா?"

"நான் கழுவி வச்சுட்டுத்தான் போனேன்."

ஞாயிறன்று கழகம் பூட்டியிருந்தது. வந்தவன் திருடிவிட்டு ஓடவில்லை. ஒரு பிளாஸ்க் மாத்தே தீரும்வரை இருந்திருக்கிறான்.

விமானங்களுக்கு வண்ணம் தீட்டிய சில்வினாவின் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஞாயிறு முழுக்க அவள் சான் லூயிஸில், அக்கா மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் இருந்தாள். "அந்தப் பொட்டியில நான் ஏறினதே இல்ல. ரெண்டு சுத்து சுத்தினா எனக்கு வாந்தி வரும்," என்றாள்.

பதினோரு மணிக்கு நெலிதா பள்ளிக்கூடம் போனார். 'லெப்டினன்ட் தாரியோ பெக்கியோ பள்ளி'. தலைமையாசிரியர் ஊகோ பெக்கியோ, அந்த லெப்டினன்டின் அண்ணன். கூரை இடிக்கும் உயரம். தொகுப்பில் ஒவ்வொரு பறப்புக்கும் முன்னுரை எழுதியவர் அவர்தான். மாத்தே எடுத்து நீட்டினார்.

"தம்பி கதை தெரியுமில்ல?"

ஊருக்கே தெரியும். நான்கு விமானங்கள் போயின. தலைமை விமானத்தில் கேப்டன் திஸேரா, இரண்டாம் எண்ணில் தாரியோ. தாரியோவின் கூடுதல் தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கவில்லை. திரும்ப முடியாதென்று தெரிந்தும் போய்த் தாக்கி மாண்டான் என்று பத்திரிகை எழுதியது. பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வந்தது.

சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் எண் எழுதிய கனமான இரும்புத் துண்டு ஒன்று இருந்தது.

"இது?"

"தம்பி விமானத்தோட துண்டு. மீன்பிடிக் கப்பல் வலையில சிக்குச்சு. நம்ம நாட்டுக் கரைக்குப் பக்கத்துல. நீரோட்டம் இழுத்துட்டு வந்திருக்கும்."

நெலிதா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிஸ்க்கை யார் எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"என் வாயால எதுக்கு? அதுல பறந்து பாருங்க மேடம். தீவைத் தாண்டினதும் எண்ணெய் தீந்துடும். அந்த நிலைமையில ஒரு பையனைக் கூட்டிட்டுப் போனது யாரு? ஊரே வீட்டுக்கு வீடு பறந்து பாக்கப்போகுது. யாருக்கு வயித்தக் கலக்கும்னு யோசிங்க."

பன்னிரண்டரை. கேப்டன் திஸேரா தன் வீட்டு முற்றத்தில் காற்றில் சாய்ந்த திராட்சைப் பந்தலைக் கட்டிக்கொண்டிருந்தார். சின்ன உருவம். தனிக்கட்டை.

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"பாத்தவங்க யாராவது?"

"நாய் பாத்துச்சு. கேட்டுக்குங்க."

நெலிதா பெடல் விஷயத்தைச் சொன்னார். ஊகோ சொன்னதையும், எண்ணெய் தீரும் இடம் உட்பட, அப்படியே சொன்னார். திஸேராவின் கை கயிற்றில் நின்றது.

"நான்தான் எடுத்தேன். எழுதிக்குங்க."

"டிஸ்க் எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்."

"எந்தப் பாலத்துலேருந்து?"

திஸேரா திரும்பிப் பந்தலைக் கட்டத் தொடங்கினார்.

மாலை நான்கு மணிக்கு நால்வரையும் பின்னறைக்கு வரவழைத்தார் நெலிதா. அங்கே ஒருவரும் நாற்காலியில் உட்காரவில்லை.

"கேப்டன், இதுல ஏறுங்க."

திஸேரா ஏறினார். கை தானாக நெம்புகோலுக்குப் போயிற்று. இருக்கையை மேலே ஏற்றிய பிறகுதான் காலை நீட்டினார்.

"பாத்தீங்களா ரூபென்? குள்ளமானவங்களுக்கு முதல்ல இருக்கை ஏறணும். ஏத்தலன்னா பாதித் திரை தெரியாது. காலைல நான் உக்காந்தப்ப பெடல் கிட்ட இருந்துச்சு, இருக்கை உங்க உயரத்துலயே தாழ இருந்துச்சு. உயரமான ஒருத்தர் நாள் பூரா பறந்துட்டு, போறப்ப பெடலை மட்டும் இழுத்து வச்சிருக்காரு. பழி கேப்டன் மேல விழட்டும்னு. உயரமானவங்க ரெண்டு பேரு. நீங்க ஒண்ணு."

ஊகோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார், எண்ணெய் குறையற கணக்கு சனிக்கிழமை நீங்கல்லாம் போனப்புறம்தான் ஏறுச்சு. அதுக்கு முன்னாடி எவ்வளவு தூரம் பறந்தாலும் தீராது. தீவைத் தாண்டினதும் தீந்துடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஊகோ மெல்லத் திரும்பி விமானி அறையைப் பார்த்தார்.

"எத்தனை தடவை பறந்தீங்க?"

"எண்ணல." ஊகோவின் குரல் அடங்கியிருந்தது. "அவன் போன மாதிரியே ஒரு தடவை போய்ப் பாக்கணும்னுதான் வந்தேன். கோளாறான தொட்டியோட தீவு வரைக்கும் போனா, அந்த இரும்பு கிடைச்ச இடத்துக்குப் பாதி தூரம்கூடத் திரும்பி வர முடியல. மெதுவாப் பறந்தேன், உயரமாப் பறந்தேன், முடியல. கடைசியா, தீவுக்குப் போகாம நடுவுலயே திருப்பினேன். சரியா அந்த இடத்துல வந்து விழுந்துச்சு." நெற்றியைத் தேய்த்தார். "வருஷா வருஷம் பசங்க முன்னாடி நின்னு பேசறவன் நான். என் தம்பி பயந்து ஓடி வந்தான்னு பத்து வயசுப் பையன் கண்டுபிடிச்சுச் சொல்லணுமா?"

"ஓடி வரல," என்றார் திஸேரா. "நான்தான் திரும்பிப் போகச் சொன்னேன்."

ஊகோ நிமிர்ந்தார்.

"ரேடியோவுல பேசக் கூடாது. அவன் பக்கத்துல வந்து தொட்டியைக் காட்டினான். நான் கையால திரும்பிப் போன்னேன். மாட்டேன்னு தலையாட்டினான். மறுபடி காட்டினேன். அப்புறம்தான் போனான். வழியில எண்ணெய் குடுக்க வேண்டிய விமானம் மோசமான வானிலையில அவன் கண்ணுலயே படல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"அன்னிக்குத் தாக்குதல்ல அடிபட்டு நான் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ள பத்திரிகைக்காரன் எழுதிட்டான். உங்கம்மா அதை வெட்டி வச்சுக்கிட்டு எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டிருந்தாங்க. நான் போய் என்னன்னு சொல்றது? அவங்க போனப்புறம் உன் முகத்தப் பாத்தேன். உன்கிட்டயும் சொல்ல முடியல."

"அதுக்காகத் திருட்டுப் பழியா?"

"எனக்கு ஏற்கெனவே நல்ல பேரு இல்லியே. நீதான் பார்த்துக்கிட்டியே அதை," என்றார் திஸேரா. ரூபென் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஊகோ சிரிக்கவில்லை, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

டிஸ்க்கும் சிடிக்களும் ஊகோவின் கார் இருக்கைக்கு அடியில் துண்டில் சுற்றியிருந்தன. புகாரை வாபஸ் வாங்குவதாக ரூபென் சொன்னார். அந்தப் பறப்பை மட்டும் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று சில்வினா கேட்டாள். "அதை நாளைக்குச் சொல்றேன்," என்றார் ஊகோ. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காற்று நின்றிருந்தது. கொட்டகையில் பாதி ஊர் கூடியிருந்தது. தொகுப்பில் ஒரு பறப்பும் குறையவில்லை. இரண்டாம் எண் விமானத்துக்கான முன்னுரையை மட்டும் ஊகோ புதிதாக எழுதியிருந்தார். அதைப் படிக்க மேடையேறினார். முன்வரிசையில் திஸேரா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊகோ தாளை விரித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சொன்னார்:

"என் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்துக்கிட்டிருந்தான்."